ஒருத்திக்கு ஒருத்தி அக்கா

கண்ணுகளா, வீட்டில் யாரையாவது நீங்கள் "சகோதரி" என்று கூப்பிட்டதுண்டா? "சகோதரி, அந்தச் சீப்பைக் கொஞ்சம் எடு" என்று வாயில் வருமா? மேடையில் மைக்கைப் பிடித்தவர்களுக்கு வரும். நமக்கு வராது. நமக்கு ஒன்று அக்கா, இல்லாவிட்டால் தங்கச்சி. இரண்டுக்கும் நடுவில் சொல்லே கிடையாது. சொல் இல்லாத அந்த இடத்தில் போய் மாட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து வெளியே வந்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பேர். கையில் எது கிடைத்தாலும் திருகைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வேலையும் கண்ணாடிக் கடையில் அமைந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்னத் திருகுகள், மூக்கில் உட்காரும் பஞ்சு போன்ற பட்டைகள், ஒரு நூலளவு கோணினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்ற வைக்கும் வில்லைகள். காலை முதல் மாலை வரை இதைத்தான் நேர் செய்வாள்.

அவள் அப்பா இறந்த பிறகு, குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைக்க ஆசை வந்தது. அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் காசு வாங்காமல் சேர்ந்து செய்தது. ஆட்களை ஒவ்வொருவராகச் சேர்த்து, இவர் அவருக்குப் பிள்ளை, அவர் இவருக்குப் பெண்சாதி என்று கோர்த்துவிட்டால் போதும். உங்களை நடுவில் வைத்துக்கொண்டு, வேறு யார் மேல் அமுக்கினாலும் அவர் உங்களுக்கு என்ன உறவு என்று மேலே எழுத்து வரும்.

நோண்டி அமுக்கிப் பார்த்தாள். "தாயின் சகோதரி" என்று வந்தது. இன்னொருவரை அமுக்கினாள். "தந்தையின் சகோதரரின் மகன்."

"இது என்ன எங்க குடும்பமா, கோர்ட்டு வழக்கா?" என்றாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சட்டையெல்லாம் கிரீஸோடு வந்து எட்டிப் பார்த்தவன், "என்னைத் தட்டிப் பாரேன்" என்றான். தட்டினாள். "வாழ்க்கைத் துணைவர்" என்று வந்தது. அவன் கையைக் கழுவப் போகும்போது, "துணைவருக்கு ஒரு காபி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மென்பொருளில் ஒரு நல்ல குணம் உண்டு. அதில் இல்லாத ஒன்று வேண்டுமானால், நாமே சின்னதாக ஒரு நிரல் எழுதி அதனோடு சேர்த்துவிடலாம். செருகுநிரல் என்பார்கள். தையல் மிஷினில் ஜிப் தைக்க வேறு பாதம் மாட்டுகிறோம் இல்லையா, அது மாதிரி. மிஷின் அதேதான், பாதத்தை மாற்றினால் புது வேலை செய்யும். நோண்டிக்கு நிரல் எழுத யாரும் சொல்லித் தரவில்லை. உதவிப் பக்கங்களைப் படித்தாள், மற்றவர்கள் எழுதியதைப் பிரித்துப் பார்த்தாள், ஒரு வரியை மாற்றினால் எது உடைகிறது என்று உடைத்து உடைத்தே கற்றுக்கொண்டாள். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடிப்போனதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிருக்கிறது. இஸ்திரி மேஜைதான் அவளுடைய ஆபீஸ். துணி ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம்.

நம் உறவுச் சொற்களை நிரலுக்குச் சொல்லிக் கொடுப்பது லேசான காரியமில்லை. அப்பாவோடு பிறந்தவனா, அம்மாவோடு பிறந்தவனா என்று பார்க்க வேண்டும். ஒருவன் சித்தப்பா, ஒருவன் மாமா. பிறகு யார் மூத்தவர் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறந்த தேதிகளை ஒப்பிட வேண்டும். தேதி தெரியாதவர்களுக்காக "இவர் மூத்தவர்" என்று டிக் போட ஒரு சின்னக் கட்டம் வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது. கொழுந்தன் வந்தான், நாத்தனார் வந்தாள், ஓரகத்தி வந்தாள். சகலை சரியாக வந்த அன்று அவள் நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கருகின வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப்பெட்டி நினைவு வந்தது. புருஷனுடைய சட்டையில் முக்கோணமாக ஓர் ஓட்டை.

"சகலை வந்தான், சட்டை போச்சு" என்றான் அவன். ஆனால் அந்தச் சட்டையை வேலைக்குப் போட்டுக்கொண்டு போய், கேட்டவர்களிடமெல்லாம், "என் பெண்சாதி புரோகிராம் எழுதறா, அதுல ஆனது" என்று காட்டினான்.

நிரலை மென்பொருளின் குழுவுக்கு அனுப்பினாள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்போடு சேர்ந்து உலகம் முழுக்கப் போகும். தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் வேறோர் ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், கறாரானவர். மாத்திரை எண்ணுகிறவர் ஆயிற்றே. நிரலைப் பாராட்டி எழுதிவிட்டு, ஒரு சோதனையையும் அனுப்பினார். போகிற வழியும் வருகிற வழியும் பொருந்த வேண்டும். இவள் அவளுக்கு அக்கா என்றால், திருப்பிக் கேட்கும்போது அவள் இவளுக்குத் தங்கச்சி என்று வர வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

நோண்டி தன் குடும்பம் முழுவதையும் அதில் ஓட்டினாள். எல்லாம் பச்சையாக வந்துகொண்டே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு. எங்கே என்று பார்த்தால், பெற்ற அம்மாவிடமே வந்து நின்றது.

அம்மாவும் பெரியம்மாவும் இரட்டையர்கள், கண்ணுகளா. தேதி ஒன்றே. தேதி குறைவாகவோ சமமாகவோ இருந்தால் அக்கா என்று நோண்டி ஒரு வரி எழுதியிருந்தாள். அதனால் அம்மாவிடம் கேட்டால் பெரியம்மா அக்கா. பெரியம்மாவிடம் கேட்டால் அம்மா அக்கா. தங்கச்சியே இல்லாமல் இரண்டு அக்காக்கள்.

சரி, சமம் என்பதை எடுத்துவிடலாம் என்று எடுத்தாள். இரண்டு பேரும் தங்கச்சியாகிவிட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை பதிப்பை மூடறோம், மேடம். ஒருத்தர் மூத்தவர்னு டிக் போட்டுடுங்க, பச்சை வந்துடும். இல்லேன்னா அடுத்த வருஷப் பதிப்புலதான் பாக்கணும்."

ஒரு டிக்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த இரண்டு பேரையும் உங்களுக்குத் தெரியாது.

இருவரும் சேர்ந்து துணி திருத்திக் கொடுக்கும் கடை நடத்தினார்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமான கடை. நடுவில் வெட்டும் மேஜை, பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு மிஷின், கம்பியில் பேர் எழுதிய துண்டுக் காகிதம் குத்தின பேன்ட்டுகள். அம்மா அளந்து வெட்டுவாள், பெரியம்மா தைப்பாள். ஒருத்தி இன்னொருத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வயசை மற்றவள் தலையில் கட்டுவதற்கு. நோண்டி பெரியம்மாவைப் பெரியம்மா என்றாள். பெரியம்மாவின் மகன், நோண்டிக்கு அண்ணன், அவனும் நோண்டியின் அம்மாவைப் பெரியம்மா என்றான். இரண்டு வீட்டிலும் பெரியம்மா உண்டு, சித்தி கிடையாது.

நோண்டி கடைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு விஷயம் கேக்கணும். விளையாட்டு இல்ல. உங்க ரெண்டு பேர்ல யாரு மூத்தவங்க?"

"இதுல கேக்க என்ன இருக்கு?" அம்மா கத்தரியை நிறுத்தாமலே எதிர்ப்பக்கம் தாடையைக் காட்டினாள். "அக்காதான்."

பெரியம்மா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "அக்கா, புள்ள ஏதோ வேலையா கேக்குது. நெசத்தைச் சொல்லு."

"சரி, முதல்ல பொறந்தது யாரு?"

"அவ" என்றாள் அம்மா.

"நான்" என்றாள் பெரியம்மா.

நோண்டிக்கு ஆச்சரியமாகிவிட்டது. "அதான் ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்களே. அப்புறம் என்ன சண்டை?"

"இரு இரு. கூட்டமான பஸ்ஸுல முதல்ல ஏறினவ எங்க போய் நிப்பா?" என்றாள் பெரியம்மா.

"உள்ள போய்."

"இறங்கும்போது?"

"கடைசியா இறங்குவா."

"ஆங். உங்கம்மா முதல்ல ஏறி உள்ள போய் சொகமா உக்காந்துட்டா. நான் பாவம் கடைசியா ஏறி, படியில தொங்கிட்டு வந்து, முதல்ல இறங்கிட்டேன். அப்ப யாரு மூத்தவ? கணக்கு போட்டுப் பாரு."

"ஏறின நேரத்துக்கா பொறந்தநாள் கொண்டாடறாங்க?" அம்மா இப்போதுதான் கத்தரியைக் கீழே வைத்தாள். "இறங்கின நேரத்துக்குத்தான். வெளிய வந்து முதல்ல கத்தினவ மூத்தவ. கத்தறதுல இன்னைக்கு வரைக்கும் அவதான் முதல்."

"பாத்தியா பேச்சை. மூத்தவ மாதிரியேதான் அதட்டறா."

ஓரமாக நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர், "மூத்தவங்களோ இளையவங்களோ, யாராவது என் இடுப்பைக் கொஞ்சம் தளர்த்திக் குடுங்கம்மா" என்றார்.

நோண்டி விஷயத்தைச் சொன்னாள். நிரல், சோதனை, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனையோ வாரமாக இஸ்திரி மேஜையில் உட்கார்ந்து எழுதினது இந்த ஓரிடத்தில் நிற்கிறது, ஒருத்தர் ஒத்துக்கொண்டால் போதும் என்றாள். இருவரும் கேட்டார்கள். அம்மா பேன்ட்டை எடுத்து இடுப்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். "உனக்காக என்ன வேணா செய்வேன். கிழவின்னு மட்டும் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றாள். பெரியம்மா மிஷினை மிதித்தாள்.

மறுநாள் மத்தியானம் பெரியம்மா கண்ணாடிக் கடைக்கு வந்தாள். கண்ணாடி தளர்ந்திருக்கிறது, மூக்கில் நிற்கவில்லை என்றாள். நோண்டி வாங்கிப் பார்த்தாள். திருகு கச்சிதமாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு, பெரியம்மா?"

"இருக்கட்டும், தொடச்சுக் குடு." பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்னையே மூத்தவன்னு போட்டுக்கோ."

நோண்டி துடைப்பதை நிறுத்தினாள்.

"அப்படிப் பாக்காத. உன் பேரு ஊரெல்லாம் போகணும். நம்ம வீட்டுல ஒருத்தி எழுதினதை யாரோ எங்கயோ தட்டிப் பாத்து, தன் மாமனை மாமான்னு தெரிஞ்சுக்கணும். அதுக்கு முன்னாடி இந்த வயசு எனக்கு என்ன பெருசு? ஒண்ணு மட்டும். உங்கம்மாகிட்ட சொல்லிடாத. அப்புறம் கடையில இருக்க முடியாது, தலையில ஏறி உக்காந்துப்பா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துடைத்ததற்குக் காசு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் டிக் போட்டாள். சோதனையை ஓட்டினாள். மேலிருந்து கீழ் வரை பச்சை. முடிந்தது காரியம். அனுப்ப வேண்டியதுதான்.

அவள் நோண்டி ஆயிற்றே, கை சும்மா இருக்குமா? அண்ணனை நடுவில் வைத்து அம்மா மேல் அமுக்கினாள். "சித்தி" என்று வந்தது. பக்கத்தில் அப்பா. அவர் மேல் அமுக்கினாள். "சித்தப்பா."

அந்த அண்ணன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவன்தான். வழியெல்லாம் முன்சீட்டிலிருந்து, "பெரியப்பா, இதோ வந்துட்டோம் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். போன மனிதரை ஒரு டிக்கினால் சித்தப்பா ஆக்கிவிட்டது அவள் எழுதின நிரல். அண்ணன் வாயில் ஒரு நாளும் வராத சொல் அது.

புருஷன் வந்து பார்த்தான். "பச்சையா இருக்கே. பாஸ்தானே?"

"பாஸ்தான்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

"நம்ம வீட்டுல யாரும் பேசாத பேச்சைப் பேசிப் பாஸாயிருக்கு."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "லிஃப்ட் நிக்கற மாடி ஒண்ணு, காட்டற நம்பர் வேறன்னா நாங்க அதை ரிப்பேர்னுதான் எழுதுவோம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

அவள் டிக்கை எடுத்துவிட்டாள். மறுபடியும் சிவப்பு.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடைக்காரரை வீடியோவில் கூப்பிட்டாள். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். பின்னால் தரையிலிருந்து கூரை வரை மருந்து டப்பாக்கள்.

"டிக் போட்டாச்சா, மேடம்?"

"போட்டு எடுத்துட்டேன், சார். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அக்கான்னுதான் கூப்பிடறாங்க. அப்படியே இருக்கட்டும். சோதனையைத்தான் மாத்தணும்."

"அது எப்படிங்க? ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் மூத்தவங்களா இருக்க முடியுமா? இதைக் குழுவுல இருக்கற மத்தவங்ககிட்ட நான் எப்படிச் சொல்வேன்? சிரிப்பாங்க."

"நான் எழுதினது வயசு சொல்ற நிரல் இல்ல, சார். கூப்பிடறதைச் சொல்ற நிரல்."

"கூப்பிடறதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் இல்லையா? ஒருத்தர் அக்கான்னா இன்னொருத்தர்..."

அப்போது திரைக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "அண்ணே, இருமலுக்கு ஏதாவது குடுங்கண்ணே."

"சளி இருக்காண்ணே, வறட்டு இருமலாண்ணே?" மருந்துக்கடைக்காரர் எழுந்து போனார். டப்பா உருவும் சத்தம், கத்தரிக்கும் சத்தம். "சாப்பிட்டப்புறம் போடுங்கண்ணே." "சரிண்ணே." திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நோண்டி நிதானமாகக் கேட்டாள். "இப்ப வந்தவர் உங்களுக்கு மூத்தவரா, சார்?"

"யாருக்குத் தெரியும்? முன்னபின்ன பாத்ததில்ல. சின்னவராத்தான் இருக்கும்."

"நீங்க அவரை அண்ணேன்னீங்க."

"ஆமா, வேற எப்படி..."

"அவரும் உங்களை அண்ணேன்னாரு."

அவர் கடைவாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வயசு தெரியலேன்னா நாம தம்பின்னு கூப்பிடறதில்ல, சார். அண்ணன்னுதான் கூப்பிடறோம். ரெண்டு பக்கமும். கடையில, பஸ்ஸுல, எங்கயும். உங்க சோதனையை உங்க கல்லாவுல ஓட்டினா, நாள் முழுக்கச் சிவப்புதான் வரும்."

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு யோசித்தார். கறாரானவர்கள் ஒத்துக்கொள்ளும்போதும் கறாராகத்தான் ஒத்துக்கொள்வார்கள். "ஒரே தேதியா இருந்து, யாரும் டிக் போடலேன்னா மட்டும். ரெண்டு பக்கமும் மூத்தவர். டிக் போட்டா வழக்கம்போல ஒருத்தர்தான். இந்த விதியை நீங்க விளக்கமா எழுதிக் குடுங்க. குழுவுக்கு நான் சொல்லிக்கறேன்."

"இப்பவே எழுதறேன், சார்."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார். பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க மேடம். முதல் நாளே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார்.

அவள் எழுதினது ஒரே ஒரு வரி. 'சமமாக இருந்தால் மரியாதையின் பக்கம் சாயவும்.' அதைக் குழுவில் வேறு மொழிக்காரர்களுக்கு மருந்துக்கடைக்காரர் எடுத்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தங்கள் மொழியில் இப்படி ஒரு வரி எழுத இடமில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி. நிரல் பதிப்போடு போனது.

நோண்டி கணினியைத் தூக்கிக்கொண்டு தையல் கடைக்குப் போனாள். வெட்டும் மேஜையில் துணியை ஒதுக்கி இடம் பண்ணினாள். அம்மாவை நடுவில் வைத்துப் பெரியம்மா மேல் அமுக்கினாள்.

அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். "அக்கா" என்று வாய்விட்டுப் படித்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தியா. உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு."

பெரியம்மா நோண்டியை ஒரு பார்வை பார்த்தாள். தான் சொன்னபடியே டிக் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. தலையைக் குனிந்து பொத்தானுக்கு ஊசி கோர்க்கப் போனாள்.

"பெரியம்மா, நீங்களும் வந்து பாருங்க." இப்போது பெரியம்மாவை நடுவில் வைத்து அம்மா மேல் அமுக்கினாள்.

பெரியம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். "இது அக்கான்னு போட்டிருக்கே."

"ஆமா."

"உங்கம்மாவை."

"ஆமா, பெரியம்மா. டிக்கெல்லாம் தேவைப்படல."

பெரியம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பாக இருந்தது. அதற்குள் அம்மா இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்துவிட்டாள்.

"இரு. இவளும் அக்கா, நானும் அக்காவா? அப்ப தங்கச்சி யாரு?"

"தங்கச்சியே இல்லம்மா. எங்க தேடினாலும் கிடைக்காது."

"அது என்ன நியாயம்? எழுதத் தெரியாம எழுதியிருக்க."

"வாயை மூடு அக்கா" என்றாள் பெரியம்மா. "உலகமே ஒத்துக்கிட்டது. உனக்கு மட்டும் நொட்டை."

அம்மாவுக்குப் பதில் வந்தது. சொல்லத்தான் போனாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் கையில் பாவாடையோடு உள்ளே வந்தாள். அம்மா உடனே கணினியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"வாங்க, வாங்க. பாவாடை இருக்கட்டும். உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது உண்டா? பேரைச் சொல்லுங்க. எங்க பொண்ணு எழுதினது, தட்டிப் பாத்துச் சொல்றேன்."